பால்கனியிலிருந்து பார்த்தவை மட்டும்

என் கணவர் தூத்துக்குடியில் துறைமுகத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். கடல் தெரிகிற வீட்டில் கடைசிக் காலத்தைக் கழிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் வேலை கிடைத்தது மண்ணூர்பேட்டையில், ஒரு கம்பெனியில், கருவிகளும் அச்சுகளும் செய்கிற டூல் ரூமில். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டைகளின் தையலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையில் கடலைப் பார்த்த வீடெல்லாம் எங்களுக்கு நடக்கிற காரியமா? ஆவடியில், பருத்திப்பட்டு ஏரிக்கு எதிரே, மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட் அமைந்தது. சாவி வாங்கிய அன்று அவர் நேராகப் பால்கனிக்குப் போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"உப்புக் காத்துதான் இல்ல. மத்ததெல்லாம் இருக்கு," என்றார்.

பறவைக் கணக்கு தொடங்கியது அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் புத்தாண்டில். காலையில் புது நாள்காட்டியை ஆணியில் மாட்டிவிட்டு, தாளெல்லாம் கிழித்து முடிந்த பழைய அட்டையைக் குப்பையில் போடப் போனேன். அதில் முருகன் படம் இருந்தது. சாமி படத்தைக் குப்பையில் போடுவார்களா என்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். பின்பக்கம் வெறும் பழுப்பு அட்டை. அதைத் திருப்பிப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். கூழைக்கடாக்கள் நாலைந்து, மூட்டை கட்டிய சுமையோடு வந்து இறங்குகிற மாதிரி தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தன. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து 'கூழைக்கடா' என்று எழுதினார்.

"இந்த வருசம் இங்க நின்னுக்கிட்டே எத்தன பறவ பாக்கோம்னு பாப்பமே," என்றார்.

அதுவரை எனக்குத் தெரிந்த பறவைகள் காக்கா, குருவி, கிளி, கோழி. ஒருவேளை மைனாவையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏரியில் மிதந்ததெல்லாம் எனக்குக் கறுப்பு வாத்து, வெள்ளை வாத்து. அவருக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. எங்கள் மகள் ஓசூரிலிருந்து ஒரு பைனாகுலரும் தமிழ்ப் பெயர் போட்ட ஒரு பறவைப் புத்தகமும் வாங்கி அனுப்பினாள். டூல் ரூமில் இம்மி பிசகாமல் அளந்து பழகிய மனிதருக்கு அது போதும். நெற்றியில் வெள்ளையாக நாமம் போட்டது நாமக்கோழி, பொசுக்கென்று மூழ்கி வேறெங்கோ தலைகாட்டுவது முக்குளிப்பான், கழுத்தை மட்டும் பாம்பு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நீந்துவது பாம்புத்தாரா என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார். பிடித்ததும் என்னைக் கூப்பிடுவார்.

"ஏட்டி, ஓடி வா! போயிரப் போவுது!"

அடுப்பில் என்ன இருந்தாலும் ஓட வேண்டும். இருவரும் பார்த்தால்தான் கணக்கில் சேரும் என்பது அவர் போட்ட விதி. இன்னொரு விதி, கால் வீட்டுக்குள் இருக்க வேண்டும். பால்கனி, சமையலறை ஜன்னல், குளியலறை வென்டிலேட்டர் எல்லாம் செல்லும். மொட்டை மாடி செல்லாது. ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்குப் போகும்போது பார்த்தது செல்லவே செல்லாது. ஒரு தடவை துணி காயப்போட மாடிக்குப் போனவள் மரங்கொத்தியைப் பார்த்துவிட்டேன். என் வாழ்நாளில் பார்த்த முதல் மரங்கொத்தி. மூச்சிரைக்க இறங்கி வந்து சொன்னால், "அது மாடிக் கணக்கு. நமக்கு வேணாம்" என்று பேப்பரைப் புரட்டினார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த மரங்கொத்தியே வந்து, கீழே கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய வேப்பமரத்தில் உட்கார்ந்தது. என்னைக் கையைப் பிடித்துச் சமையலறை ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அட்டையில் எழுதச் சொல்லிப் பேனாவையும் என்னிடமே கொடுத்தார்.

டிசம்பர் முடிந்ததும் அந்த அட்டை பீரோவின் பின்னால் போகும். ஜனவரியில் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. நேற்றுவரை சலித்துப்போன கொக்கு, புத்தாண்டுக் காலையில் புதுக் கொக்காகிவிடும். அந்த விளையாட்டு எனக்கு மெல்ல மெல்லப் பிடித்துப்போனது. சட்டைக் காலரில் நூல் பிரிந்திருக்கிறதா என்று வருஷக்கணக்காகப் பார்த்த கண் என்னுடையது. கடைசியில் அவரைவிட வேகமாக நான் கண்டுபிடித்தேன். குளிர்காலத்தில் நீலச்சிறகி வந்து இறங்கினால் முதலில் எனக்குத்தான் தெரியும்.

இப்படிச் சில வருஷங்கள். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நன்றாக இருந்தோம்.

ஒரு நாள் அவர் பூந்தமல்லிக்குப் போனார். குளியலறைக் குழாய்க்கு ஏதோ சாமான் வேண்டும், அங்கே தெரிந்த கடை இருக்கிறது என்றார். காலையில் போனவர் சாப்பாட்டு வேளைக்கும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. பிறகு அவர் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. பேசியது வேறு குரல்.

"யம்மா, இந்தப் பெரியவரு உங்க ஊட்டுக்காரரா? காட்டுப்பாக்கத்துல பஸ் ஸ்டாப்பாண்ட ரொம்ப நேரமா நின்னுகினு கீறாரு. எங்க போவணும் நைனான்னு கேட்டா சொல்லத் தெர்லமா. போன்ல 'ஊடு'ன்னு இல்ல, கடைசியா யாரு அடிச்சாங்களோ அவங்களுக்குப் போட்டேன்."

ஆட்டோக்காரர். அவரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் விட்டார். என் கணவர் இறங்கி, ஒன்றும் நடக்காத மாதிரி லிஃப்டை நோக்கி நடந்தார். குழாய்ச் சாமான் அவர் கையில் பத்திரமாக இருந்தது. போன வேலையை முடித்திருக்கிறார், திரும்பி வருகிற வழிதான் தெரியவில்லை. பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு வர வேண்டியவர் எதிர்த்திசையில் போரூர் பஸ்ஸில் ஏறி, பாதியில் ஏதோ தோன்றி இறங்கியிருக்க வேண்டும்.

"பஸ்ஸு மாறிட்டேன். யாருக்கும் வாரதுதான்," என்றார்.

எனக்கும் அப்படி நம்பிக்கொள்ளவே பிடித்திருந்தது. ஆனால் அதற்குப் பிறகு கேஸ் அடுப்பு, சட்டைப் பொத்தான், மகளின் ஊர் என்று ஒவ்வொன்றாக மறந்துகொண்டே வந்தது. மகள் வந்து நரம்பு மருத்துவரிடம் அழைத்துப் போனாள். சின்ன வயதுப் பெண் மருத்துவர், மிகவும் பொறுமையானவர். இன்று என்ன கிழமை என்று கேட்டார், ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். பிறகு, "ஐயா, உங்களுக்குத் தெரிஞ்ச மிருகம், பறவை பேரெல்லாம் சொல்லுங்க. ஒரு நிமிஷம் டைம். எத்தனை முடியுமோ அத்தனை," என்றார். என்னிடம் திரும்பி, "நீங்க எதுவும் சொல்லக்கூடாதும்மா," என்றார்.

என் கணவர் முகம் மலர்ந்துவிட்டது. என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அந்தப் பெண்ணுக்கு யாரிடம் என்ன கேட்கிறோம் என்று தெரியவில்லை என்கிற மாதிரி.

"கூழைக்கடா," என்றார். "கொக்கு. காக்கா."

அப்புறம் நின்றுவிட்டார்.

"நாயி," என்றார். மறுபடி யோசித்தார். "காக்கா."

என் வாய்க்குள் நீர்க்காகமும் நாமக்கோழியும் மீன்கொத்தியும் செம்பருந்தும் தகைவிலானும் முட்டிக்கொண்டு நின்றன. உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் உள்ளங்கையை விரித்து, அதில் எழுதியிருக்கிறதா என்று தேடுகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் மெதுவாக, "போதுங்கய்யா," என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் என் காதருகே குனிந்து கேட்டார். "லேசான கேள்விதான். நல்லாச் சொன்னம்லா?"

"ரொம்ப நல்லாச் சொன்னீங்க."

மகள் எனக்கு மறுபக்கம், டிரைவரின் தோளுக்கு மேலே சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வீடு வரை திரும்பவே இல்லை.

அடுத்த வருஷத்துக் கணக்கை நான் தனியாகத்தான் தொடங்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. பெயர்கள்தான் அவரை விட்டுப் போயினவே தவிர, பார்க்கிற ஆசை போகவில்லை. முன்னைவிடக் கூடிவிட்டது. காலையில் எழுந்ததும் பால்கனிக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டில் பூந்தமல்லிக்கார அம்மா ஒருவர், கல்யாணத் துணிகளுக்கு ஜரிகை வேலை செய்கிற குடும்பம். அவர் தன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, அண்ணன் காலையிலேர்ந்து நின்னுகினே கீறாரு? கால் நோவாதா?" என்று கேட்பார். நாற்காலி போட்டாலும் இவர் உட்கார மாட்டார்.

"ஏட்டி, ஓடி வா! புதுசு ஒண்ணு!"

ஓடுவேன். வெண்மார்பு மீன்கொத்தியாக இருக்கும். தினமும் அதே கம்பத்தில் வந்து உட்காருகிற மீன்கொத்தி. "இது முன்ன வந்ததே இல்ல பாத்துக்கோ. என்ன நீலம்!" என்பார். உண்மையிலேயே அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறவரின் கண்கள். கொஞ்ச நேரத்தில் அது பறந்துபோய்த் திரும்பி வரும். மறுபடி கூப்பிடுவார். மறுபடி அதே நீலம்.

ஒரு பறவையை ஒரு வருஷத்தில் ஒரு முறைதான் எழுத வேண்டும். அதனால் நான் அட்டையின் மேல் பேனாவை ஓட்டுகிற மாதிரி காட்டிவிட்டு வைத்துவிடுவேன். அவரும் திருப்தியாகிவிடுவார். ஒரு நாள் அட்டையைத் தன் கையில் கேட்டு வாங்கினார். படிக்க முடியாவிட்டாலும் எழுத்து இருக்கிறதா இல்லையா என்பது அவருக்குத் தெரிந்தது. விரலை வைத்து வரிவரியாக இறங்கி, கடைசி வரியில் நிறுத்தினார்.

"இப்பப் பாத்தது எங்க?"

"இதோ, இங்க இருக்குல்லா."

"இல்ல," என்றார். "நீ எழுதல. நான் சொன்னத எழுதல." அவர் உதடு கோணியது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்ததில்லை, அவர் அம்மா இறந்தபோதுகூட. அன்று அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதார்.

அதன் பிறகு சொன்னதையெல்லாம் எழுதினேன். மீன்கொத்தி, மீன்கொத்தி, கூழைக்கடா, மீன்கொத்தி, காக்கா, காக்கா, காக்கா. ஒரு அட்டை போதவில்லை. பக்கத்து வீட்டு அம்மா தங்கள் வீட்டுப் பழைய அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். காய்கறிக்காரர், மருந்துக்கடைக்காரர் எல்லோரிடமும் கேட்டு வாங்கினேன். மகள் போனில், "எவ்வளவு வந்துச்சும்மா இன்னைக்கு?" என்று கேட்பாள். நிறைய என்பேன்.

அந்த மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் அது நடந்தது. நான் சமையலறையில் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாவின் குரல், கிழிந்த மாதிரி.

"யக்கா! அண்ணனைப் புடி! யக்கா!"

ஓடி வந்தால் அவர் ஒரு காலைக் கம்பிக்கு அந்தப் பக்கம் போட்டிருந்தார். ஏரியில் குடும்பமாக வருகிறவர்கள் மிதிக்கிற படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். அவர் எடை முழுக்க முன்பக்கம் சாய்ந்திருந்தது. என் கன்னம் அவர் முதுகில் அழுந்தியிருக்க, அவர் சாதாரணமாகப் பேசினார்.

"போட்டு வந்துட்டுல்லா. லேட்டானா விட்டுட்டுப் போயிருவான்."

"சாப்பிட்டுட்டுப் போலாம். சாதம் வடிச்சிட்டேன். வாங்க."

"குழம்பு?"

"மீன் குழம்பு."

இல்லாத மீன் குழம்புக்காக அவர் காலை உள்ளே எடுத்தார். பக்கத்து வீட்டு அம்மா வாசல் வழியாக ஓடி வந்து, அவர் கையை ஒரு பக்கம் பிடித்து உட்கார வைத்தார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அந்த அம்மா பிற்பகலில் தன் வீட்டிலிருந்து மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த வாரமே பால்கனிக்கு வலை போட்டோம். புறா வராமல் இருக்க எல்லா ஃபிளாட்டிலும் போடுகிற நைலான் வலைதான், கொஞ்சம் கெட்டியானது. வந்த ஆள், "புறாத் தொல்லையா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வலை வந்த பிறகு எதைப் பார்த்தாலும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அவர் முதல் இரண்டு நாள் வலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். ஓடி வா என்று கூப்பிடுவதும் குறைந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஏரிப் பக்கம் பார்ப்பார், ஆனால் எதையும் பார்க்கவில்லை.

டிசம்பரில் புயல். இரண்டு நாள் கரண்ட் இல்லை, தண்ணீர் தெருவில் நின்றது. மூன்றாம் நாள் காலை காற்று நின்று, வெளிச்சம் ஒரு மாதிரி மஞ்சளாக இருந்தபோது, ஏரிக்கு மேலே ஒரு பறவையைப் பார்த்தேன். கறுப்பாக, பெரிதாக, நீண்டு வளைந்த இறக்கையோடு. வால் கத்தரிக்கோல் மாதிரி பிளந்திருந்தது. இறக்கையை ஒரு முறைகூட அடிக்காமல் வட்டமிட்டது. பருந்து இல்லை, ஆலா இல்லை. இத்தனை வருஷத்தில் நாங்கள் எழுதிய எந்த அட்டையிலும் அது இல்லை. புயல் கடலிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த எதுவோ.

வலை வந்த பிறகு முதல்முறையாக நான் அவரைக் கூப்பிட்டேன். "என்னங்க, வாங்க! சீக்கிரம்!"

கையைப் பிடித்து எழுப்பி வலை ஓரம் நிறுத்தி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பினேன். அது எங்கள் கட்டடத்துக்கு மிக அருகில் ஒரு வட்டம் வந்தது. அவர் கண்கள் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே போயின. துறைமுகத்தில் வளர்ந்த மனிதர், கட்டாயம் இவருக்குத் தெரிந்திருக்கும். ஏதோ ஒரு பெயர் எங்கேயோ உள்ளே கிடக்கும், வெளியே வந்துவிடும் என்று காத்திருந்தேன்.

"காக்கா," என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். பரீட்சையில் சரியாகச் சொல்லிவிட்ட சிரிப்பு.

"ஆமா, காக்காதான்," என்றேன்.

அது பூந்தமல்லிப் பக்கம் திரும்பி மறைந்தது. போனில் எடுத்த படத்தில் வலையின் கட்டங்களும் ஒரு கறுப்புத் தீற்றலும்தான் இருந்தன. மகள் அதை யாரிடமாவது காட்டிக் கேட்கிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அட்டையில் காக்கா என்று எழுதினேன்.

அடுத்து வந்த கோடையில் அவருக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. விழுங்குவதே மறந்துபோயிருந்ததால் சாப்பாடு நுரையீரலுக்குள் போகிறது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். கொஞ்ச நாள் இருந்தார். கடைசிவரை என் கையைப் பிடித்துக்கொண்டார். யாருடைய கை என்று தெரிந்து பிடித்தாரா என்பதை நான் யோசிப்பதில்லை. ஒரு மதியம், மகள் டீ வாங்கப் போயிருந்த நேரத்தில், மூச்சு மெதுவாகி நின்றது.

காரியங்கள் முடிந்து உறவினர்கள் கிளம்பும் முன் அவருடைய தம்பி பால்கனியில் நின்று, "மதினி, அண்ணன் நாள் பூரா இங்க நின்னு என்னத்தப் பாத்தாவ?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "சும்மா, பறவ," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

மகள் ஓசூருக்கு வரச் சொன்னாள். இரண்டு மாதம் போய் இருந்தேன். அவள் வீட்டு ஜன்னலுக்கு நேரே இன்னொரு கட்டடத்தின் சுவர். பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு, அந்தச் சுவரில் ஏசி பெட்டியின் மேல் வந்து உட்காருகிற புறாவையே பார்த்துக்கொண்டிருப்பேன். திரும்பி வந்துவிட்டேன்.

வந்ததும் வலையை அவிழ்க்கச் சொன்னேன். அதே ஆள்தான் வந்தார். "புறா போயிடுச்சா மேடம்?" என்றார். நான் உள்ளே போய்விட்டேன். அவர் கத்தரியால் ஒவ்வொரு முடிச்சாக வெட்டுகிற சத்தம் ஹாலுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் நான் எதையும் எழுதவில்லை. ஏரியில் எல்லாம் வருகிறது. போன மாதம் சங்குவளை நாரைகள் கூட்டமாக வந்து கரையோரம் நின்றன. ஒரு கணம் உடம்பு தானாகத் திரும்பியது, உள்ளே பார்த்துக் கூப்பிட. வாய்கூடத் திறந்துவிட்டது. இருவரும் பார்த்தால்தான் சேரும் என்ற விதியை யாரிடம் போய் மாற்றச் சொல்வது?

சாயங்காலங்களில் பக்கத்து வீட்டு அம்மா தொழுகைக்கு முன்னால் சிறிது நேரம் வந்து உட்காருகிறார். முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே ஏரியைப் பார்ப்பார். நேற்று முக்குளிப்பான் ஒன்று குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போனது.

"தோ பாருக்கா, வாத்து குட்டிங்கள தூக்கினு போவுது," என்றார்.

அது வாத்து இல்லை என்று சொல்ல நினைத்தேன். அந்த அம்மாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"ஆமா," என்றேன். "நல்லாருக்குல்ல?"

வெளிச்சம் போகும்வரை இரண்டு பேரும் அந்த வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாங்கு சொன்னதும் அவர் எழுந்து போனார். நான் கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து விளக்கைப் போட்டேன்.